அறைக்குள் கண்ணாடித் தொட்டியா, முற்றத்துச் சிமெண்ட் தொட்டியா? ஃபைட்டர் மீன் குஞ்சு எடுப்பதற்கு முன் ஒரு கணக்கு

என் ஆச்சி மகன் காரைக்குடியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறான். (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம்.) ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல், அவ்வளவுதான் அறை. அவனுடைய ஐயா (தாத்தா) வீடோ பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. ஆனால் பூட்டிக் கிடக்கிறது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் திறப்பார்கள். மற்ற நாள்களில் காவல்காரர் ஒருவர் காலையில் வந்து பெருக்கிவிட்டு, விளக்கேற்றிவிட்டுப் போவார். இரண்டாம் கட்டு முற்றத்தில் ஆறடிக்கு நாலடி சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. எந்தக் காலத்திலோ விசேஷச் சமையலுக்குத் தண்ணீர் நிறைத்து வைக்கக் கட்டியது.

போன மாதம் அவன் ஒரு ஜோடி ஃபைட்டர் மீன் வாங்கினான். நேராக என்னிடம் வந்தான்: "அம்மான், குஞ்சு எடுக்க அறையிலேயே கண்ணாடித் தொட்டி வைக்கட்டுமா, ஐயா வீட்டுத் தொட்டியைக் கழுவி அதில் விடட்டுமா?"

கோட்டையூரில் என் வீட்டில் இரண்டு விதமாகவும் வளர்த்து, இரண்டு விதமாகவும் சாகக் கொடுத்தவன் நான். அதனால் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டையும் எடைபோட்டுச் சொன்னேன். அதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மீனின் நாள்கணக்கு தெரிய வேண்டும். ஆணையும் பெண்ணையும் பத்து நாளாவது தனித்தனியே வைத்துக் கொசுப்புழு கொடுத்துத் தேற்ற வேண்டும். பெண்ணின் வயிறு உப்பி, அடியில் உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது தயார். ஆண் தண்ணீர் மட்டத்தில் எச்சில் குமிழிகளால் நுரைக்கூடு கட்டத் தொடங்கினால் அதுவும் தயார். சேர்த்துவிட்டால், ஆண் வளைந்து பெண்ணைச் சுற்றி இறுக்கும். முட்டைகள் கீழே உதிரும். ஆணே அவற்றை வாயால் பொறுக்கி மேலே கொண்டுபோய்க் கூட்டில் ஒட்டும். வேலை முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும்; விட்டுவைத்தால் செதிலும் துடுப்பும் கந்தலாகிவிடும். தண்ணீர் 27, 28 டிகிரி இருந்தால் ஒன்றரை முதல் இரண்டு நாளில் முட்டை பொரியும். குஞ்சுகள் வால் கீழாக, நூல் நுனியைப் போலக் கூட்டிலிருந்து தொங்கும். அடியில் விழுந்ததை ஆண் மறுபடி தூக்கி வைக்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் கிடையாக நீந்தும். அன்று ஆணையும் எடுத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்தால் பிள்ளைப் பாசம் பசியாக மாறிவிடும்.

ஒரு ஈற்றில் நூறு குஞ்சும் வரலாம், முந்நூறும் வரலாம். எல்லோரும் சேர்க்கை வரை படித்துவிட்டு இறங்குகிறார்கள். ஆனால் சேர்க்கையில் தோற்றவர்களைவிட, குஞ்சு நீந்திய நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தோற்றவர்களே அதிகம். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

இரண்டு தண்ணீர்

கண்ணாடித் தொட்டிக்கும் சிமெண்ட் தொட்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாடியிலும் சிமெண்டிலும் தேடக்கூடாது. தண்ணீரின் அளவில் தேட வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள கண்ணாடித் தொட்டியில் ஐந்து அங்குல உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 23 லிட்டர். (முட்டை விடுவதற்கு அதற்கு மேல் ஆழம் வேண்டாம், விழுந்த முட்டையை எடுக்க ஆண் எத்தனை முறைதான் ஏறி இறங்கும்.) ஐயா வீட்டுத் தொட்டியில் ஓரடி உயரத்துக்கு விட்டால் 680 லிட்டர் பிடிக்கும். ஒன்றுக்கு மற்றது முப்பது மடங்கு.

தண்ணீர் முப்பது மடங்கானால் கழிவு முப்பதில் ஒன்றாகக் குறைகிறது. மிஞ்சிய தீனியும் மலமும் அழுகி அம்மோனியாவாகும்; 23 லிட்டரில் அது இரண்டே நாளில் குஞ்சைக் கொல்லும், 680 லிட்டரில் மாதக்கணக்கில் இருந்த இடம் தெரியாது. இதைச் சொல்லித்தான் பழைய ஆள்கள் "தொட்டியிலே போடு, அதுவே வளரும்" என்பார்கள். பாதி உண்மை. மற்ற பாதி என்னவென்றால், தீனியும் முப்பதில் ஒன்றாகக் கரைந்துபோகிறது. நீந்தத் தொடங்கிய ஃபைட்டர் குஞ்சு இரையைத் துரத்தாது. கண்ணுக்கு முன்னே, மூக்கு முனைக்கு அருகில் துடிப்பதைத்தான் கொத்தும். ஒரு கரண்டித் தீனியை 680 லிட்டரில் விட்டால், ஊருணியில் ஒரு பிடி அவல் எறிந்த கதைதான்.

ஆக, சின்னத் தண்ணீரில் தீனி வாயருகே இருக்கிறது, விஷமும் அங்கேயே இருக்கிறது. பெரிய தண்ணீரில் இரண்டுமே தொலைவில் இருக்கின்றன. முதல் மூன்று வாரத்துக்குத் தீனி முக்கியம். அதன் பிறகு தண்ணீர் முக்கியம்.

அறைக்குள்

கண்ணாடித் தொட்டியின் முதல் நன்மை, குஞ்சின் வயிறு தெரியும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சைத் தின்ற மீன்குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் மின்னும். தின்னாதது சாம்பல் கீற்றாக நிற்கும். ஒரு டார்ச் விளக்கு இருந்தால் போதும், எத்தனை பட்டினி என்று எண்ணிவிடலாம். சிமெண்ட் தொட்டியில் இந்த வாய்ப்பே இல்லை. மேலிருந்து பார்த்தால் பத்து நாள் வரை ஒன்றுமே தெரியாது. இருக்கிறதா, போய்விட்டதா என்று கை பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இரண்டாவது நன்மை வெப்பம். பங்குனி முதல் ஆவணி வரை செட்டிநாட்டில் ஹீட்டர் தேவையில்லை. பல நாள் விசிறியைப் போட்டுத் தண்ணீரைக் குளிரவைக்கத்தான் வேண்டியிருக்கும். மார்கழி, தை இரவுகளில் மட்டும் தண்ணீர் குளிர்ந்துபோகும். அப்போது 50 வாட் ஹீட்டர் ஒன்று போதும். முற்றத்தில் 680 லிட்டரை ஹீட்டர் போட்டுச் சூடாக்குவதென்றால் மின் கட்டணத்துக்கு ஐயா வீட்டுத் தேக்குத் தூணை விற்க வேண்டும்.

மூன்றாவது, மூடி. ஃபைட்டர் மீனுக்குச் செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றைச் சுவாசிக்க ஒரு மடிப்பு உறுப்பு உண்டு. அதனால்தான் வளர்ந்த மீன் சின்ன ஜாடியிலும் மூச்சுத் திணறாமல் இருக்கிறது. கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் அந்த உறுப்போடு குஞ்சு பிறப்பதில்லை. பல வாரம் கழித்துத்தான் அது உருவாகி வேலை செய்யத் தொடங்குகிறது. அதுவரை செவுள்தான் கதி. அந்த உறுப்பு உருவாகும் நாள்களில் தண்ணீருக்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பது நல்லது. கண்ணாடித் தொட்டியின் மேல் ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்து வைத்தால் வேலை முடிந்தது.

குறை என்றால் உழைப்புதான். தினமும் ஏர் டியூபை வாயால் உறிஞ்சி, அடியில் கிடக்கும் அழுக்கைச் சொட்டுச் சொட்டாக எடுக்க வேண்டும். எடுத்ததை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, கூடவே வந்துவிட்ட குஞ்சுகளைத் தேடித் திரும்ப விட வேண்டும். ஒரு நாள் பழகிய தண்ணீரை மெல்ல மெல்லச் சேர்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும்; வாளியில் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால் பறந்துவிடும். போர்வெல் தண்ணீர் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் இந்த மீன் பழகிக்கொள்ளும். மழைத்தண்ணீர் மெத்தென்று இருக்கிறதே என்று அதை மட்டும் ஊற்றக் கூடாது. அதில் அமிலத்தைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் இல்லை, தண்ணீரின் தன்மை திடீரென்று சரியும். கலந்து விடலாம். தொட்டியில் பாதாம் மரத்துக் காய்ந்த சருகு ஒன்றைப் போடுங்கள். கடையில் கவரில் போட்டு விற்கும் இலையும், பள்ளிக்கூட வாசலில் உதிர்ந்து கிடக்கும் இலையும் ஒன்றுதான். பூச்சிமருந்து தெளிக்காத மரமாக மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாறு இறங்கித் தண்ணீர் தேநீர் நிறமாகும், ஆண் அதன் அடியில் கூடு கட்டும், இலை மக்க மக்க அதன்மேல் நுண்ணுயிர்களும் வளரும்.

முற்றத்தில்

முற்றத்துத் தொட்டியைப் பற்றி எனக்கு இருக்கும் ஆசையை மறைக்க விரும்பவில்லை. நாலு பக்கத் தாழ்வாரமும் நடுவில் வானமுமாக அந்த இடமே மீனுக்காகக் கட்டியது போல இருக்கும். தூணுக்குத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. முற்றத்துக்கு மீன் அதற்கு அடுத்த நாடான சயாமிலிருந்து வருகிறது. (சயாம்தான் இன்றைய தாய்லாந்து. அது 2019-இல் இந்த மீனைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.) அங்கே அதன் சொந்த இடமும் நெல்வயல், ஆழமில்லாத குட்டை, செடி அடர்ந்த வாய்க்கால்தான். வெயில் பட்டுப் பச்சை பிடித்த பழைய தண்ணீரில் வளர்ந்த குஞ்சுக்கு வரும் நிறமும் உடல்கட்டும் அறைக்குள் வளர்ந்ததற்கு வருவதில்லை. இரண்டு மாதக் குஞ்சுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் முற்றத்தில் வளர்ந்தது எது என்று யாரும் சொல்லிவிடலாம்.

ஆனால் வானம் திறந்திருக்கிறது. நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தை நோக்கித்தான். ஐப்பசியில் மழை பிடித்தால் இரண்டு சரிவும் கூடும் மூலையான கூடல்வாய் வழியாகத் தண்ணீர் கயிறாகத் திரண்டு கொட்டும். அண்டா வைத்துப் பிடிப்போமே, அந்தத் தண்ணீர்தான். என் இரண்டாவது ஈற்றில், பதினெட்டு நாள் குஞ்சுகளைக் கூடல்வாய்க்கு நேரே இருந்த தொட்டியில் வைத்திருந்தேன். இரவு ஒரு மணிக்கு மழை சத்தம் கேட்டது. நல்ல தூக்கம், புரண்டு படுத்தேன். காலையில் தொட்டி விளிம்பு வரை தெளிந்த மழைத்தண்ணீர். குஞ்சுகள் முற்றத்துச் சாக்கடை வழியாகத் தெருவுக்குப் போயிருந்தன. ஏழு மிஞ்சின.

மழை ஓர் எதிரி என்றால், தட்டான் பூச்சி அடுத்த எதிரி. அது அழகாக வந்து தொட்டித் தண்ணீரில் முட்டையிட்டுப் போகும். அதன் இளம்புழு அடியில் கிடந்து தாடையை நீட்டிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். தவளை, காகம், பூனை, மீன்கொத்தி எல்லாம் அதற்குப் பிறகுதான். கொசுவலையை இழுத்துக் கட்டினால் இவற்றில் பெரும்பாலானவை தீரும். கொசுவும் தீரும், அதையும் சொல்லியாக வேண்டும். வளர்ந்த ஃபைட்டர் மீன் இருக்கும் தொட்டியில் கொசுப்புழு தங்காது. ஆனால் இரண்டு வாரக் குஞ்சுகள் இருக்கும் தொட்டியில் கொசுப்புழு குஞ்சைவிடப் பெரிது. அதை யார் தின்பது? டெங்கு தடுப்புக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் தொட்டியைப் பார்த்தால் அபேட் மருந்தை ஊற்றுவார்கள், அது அவர்கள் கடமை. அந்த மருந்து மீனை உடனே கொல்லாவிட்டாலும், மீனுக்குத் தீனியாக வளர்க்கும் மொய்னா என்ற தண்ணீர்த் தெள்ளுப்பூச்சியை ஒன்றுவிடாமல் கொன்றுவிடும். பூட்டிய வீட்டில் காவல்காரர் மட்டும் இருக்கும்போது அவர்கள் வந்தால், இது மீன் தொட்டி என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

தொட்டியைப் பற்றி இன்னொன்று. புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டி என்றால் சுண்ணாம்பு இறங்கித் தண்ணீர் காரமாகும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, பலமுறை தண்ணீர் மாற்றிய பிறகே மீன் விட வேண்டும். ஐயா வீட்டுத் தொட்டி பழையது, அந்தக் கவலை இல்லை. ஆனால் விசேஷத்துக்கு முன்னால் யாரோ ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருப்பார்கள். அதையும் நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிட வேண்டும்.

எதைத் தின்னக் கொடுப்பது

உண்மையான முடிவு இங்கேதான் இருக்கிறது. என் முதல் ஈற்றை நான் முட்டை மஞ்சள் கருவால் கொன்றேன். அவித்த மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து, பால் போல் தண்ணீரில் விட்டேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். குஞ்சுகள் அதைப் பார்க்கவே இல்லை, அது துடிக்கவில்லையே. மறுநாள் தொட்டியின் அடியில் வெள்ளை மாவு படிந்தது, மூன்றாம் நாள் நாற்றம், நாலாம் நாள் ஒன்றும் இல்லை. மஞ்சள் கருவைத் தீனிப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அது நமக்கு நல்லது.

வைக்கோல் தண்ணீர் நம் ஊருக்கு எளிது. ஒரு பிடி வைக்கோலை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, கொஞ்சம் பழைய தொட்டித் தண்ணீரும் ஊற்றி வைத்தால், நாலைந்து நாளில் முதலில் கலங்கி, பிறகு தெளியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தூசு துடிப்பது போலத் தெரியும். இதை இன்ஃபுசோரியா என்கிறோம். முதல் மூன்று நாள், சின்ன வாயுள்ள குஞ்சுகளுக்கு இது உதவும். இதை மட்டுமே நம்பினால் குஞ்சு சாகாது, வளராது. ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு சாப்பிடுவது போல.

ஆர்ட்டீமியாதான் சோறு. காய்ந்த முட்டைகளாக டப்பியில் விற்கிறார்கள். விலை அதிகம், ஆனால் ஒரு ஈற்றுக்குக் கொஞ்சமே ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல் உப்பைக் கரைத்து, தலைகீழாகத் தொங்கவிட்ட பாட்டிலில் ஊற்றி, முட்டையைப் போட்டு, அடி வரை ஏர் டியூபை விட்டுக் கொதிப்பது போலக் குமிழியெழச் செய்து, மேலே ஒரு விளக்கை எரியவிட வேண்டும். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். மார்கழியில் ஒன்றரை நாள் ஆகும். காற்றை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால், வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே ஆரஞ்சுப் பொடியாகத் திரளும். அதை மட்டும் டியூபில் எடுத்து, மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டுக் குழாயால் கொடுக்க வேண்டும். ஓடு கலக்கக் கூடாது, குஞ்சின் குடலை அடைக்கும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதன் சத்து அதனிடமே இருக்கும் மஞ்சள் கருவில் இருக்கிறது, நேரம் போகப் போக அதுவே அதைத் தின்று தீர்த்துவிடும். நல்ல தண்ணீரில் சில மணி நேரம் துடித்துக்கொண்டிருக்கும், பிறகு செத்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, முடிந்தால் நான்கு முறை.

இதைப் படித்தாலே தெரிந்திருக்கும், இது பூட்டிய வீட்டில் நடக்கிற காரியம் அல்ல. காவல்காரர் காலையில் ஒருமுறை வந்து ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனால் 680 லிட்டரில் பட்டினிதான்.

மைக்ரோவார்ம் என்று ஒரு நுண்புழு உண்டு. கோதுமை மாவுக் கூழில், சிட்டிகை ஈஸ்ட் தூவி, கொஞ்சம் தாய்ப்புழுவைச் சேர்த்து டப்பாவில் வைத்தால், சில நாளில் டப்பாவின் சுவரில் ஏறி நெளியும். விரலால் வழித்துத் தொட்டியில் அலசினால் ஆயிற்று. ஆர்ட்டீமியா பொரியாமல் ஏமாற்றிய நாளுக்கு இதுதான் காப்பு. அடியில் போய்க் கிடந்தாலும் ஒரு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆழமில்லாத, வெறும் அடியுள்ள கண்ணாடித் தொட்டியில் குஞ்சு குனிந்து பொறுக்கிக்கொள்ளும்; சிமெண்ட் தொட்டியில் பாசிக்குள் புதைந்து காணாமல் போகும். இதை மட்டுமே தின்ற குஞ்சுகளுக்கு வயிற்றுத் துடுப்பு சரியாக வளராது என்று சிலர் சொல்கிறார்கள், இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் இதை இரண்டாம் தீனியாக மட்டும் வைத்துக்கொண்டதால் அந்தச் சண்டைக்குப் போனதில்லை. டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள், எறும்பு விடாது.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மொய்னாதான் சிறந்தது. முற்றம் தன் வேலையைக் காட்டுவது அப்போதுதான். வெயில் படும் ஒரு பழைய டப்பில் பச்சைத் தண்ணீர், தவிடு ஊறவைத்து வடிகட்டிய நீர் ஒரு கிண்ணம், கொஞ்சம் தாய் மொய்னா. தவிட்டுக்கு நமக்குப் பஞ்சமில்லை. புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு வாரத்தில் தண்ணீர் சிவந்த புள்ளிகளால் கொதிக்கும். இது உப்பில்லாத தண்ணீர் உயிர் என்பதால், மீன் தின்னாமல் விட்டதும் தொட்டியிலேயே பிழைத்துக் குட்டி போடும். தவிட்டை ஆசைப்பட்டு அதிகம் ஊற்றினால் மட்டும் ஒரே இரவில் நாறி, எல்லாம் செத்துப்போகும்.

எந்த ஜோடி

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பாதி நிலா போல வால் விரியும் ஹாஃப்மூன், கடையில் கண்ணைப் பறிக்கும். வீட்டில் அதன் கனத்த துடுப்பே அதற்குப் பாரம். பெண்ணைச் சுற்றிப் பிடிக்கத் திணறும், தன் வாலைத் தானே கடிக்கும் பழக்கமும் அதற்கு உண்டு. முதல்முறை குஞ்சு எடுப்பவருக்குக் குட்டை வால் பிளாகாட் நல்லது: சுறுசுறுப்பு, திடம், சேர்க்கையில் தவறு குறைவு. பல நிறம் தெளித்தாற்போல் இருக்கும் கோய் வகையை வாங்கினால், குஞ்சு தாய்தகப்பன் நிறத்தில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வளர்ந்த பிறகும் அவை நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஆச்சி மகன் வாங்கியது நல்ல வேளையாக பிளாகாட்.

ஆண்களை எங்கே வைப்பது

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. இரண்டு இரண்டரை மாதத்தில் ஆண்கள் ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரிக்கத் தொடங்கும். அன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனி ஜாடி. அறுபது ஆண்கள் தேறினால் அறுபது ஜாடி. ஜாடிக்கு ஒரு லிட்டர் வைத்து, வாரம் இரண்டு முறை மாற்றினாலும் வாரத்துக்கு 120 லிட்டர் தண்ணீர், 120 முறை கை நனைய வேண்டும். சித்திரையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதைச் செய்தால் அண்டை வீட்டார் பேசுவார்கள்; பேசட்டும், நியாயம்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அழகான பழைய கண்ணாடி ஜாடிகளைப் பார்த்துவிட்டு, அதில் மீன் விட்டால் எப்படி இருக்கும் என்று நானும் ஒருகாலத்தில் விலை கேட்டேன். விலையைக் கேட்ட பிறகு குடிதண்ணீர் பாட்டில்களைக் கழுத்து வெட்டிப் பயன்படுத்தினேன்.

பெண்கள் கூட்டமாக இருக்கும், அந்தப் பெரிய தொட்டியிலேயே. அவற்றை வாங்கத்தான் ஆளில்லை. விற்றுப் பணம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடலாம். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் சந்தையோடு ஒரு மாடி அறை போட்டி போட முடியாது. மிஞ்சியதை ஊருணியில் விடுவது மட்டும் கூடவே கூடாது. நம் நீர்நிலைகளிலேயே இதற்கு ஒரு தூரத்து உறவுக்கார மீன் இருக்கிறது, அதுவும் நுரைக்கூடு கட்டும். புதுச்சேரிப் பக்கத்து அரியாங்குப்பம் ஆற்றின் பெயரையே அதன் அறிவியல் பெயரில் 1831-இல் வைத்தார்கள். வந்த விருந்தாளிக்காக வீட்டு ஆளை வெளியேற்ற வேண்டியதில்லை.

நான் சொன்னது

முட்டையும் முதல் 25 நாளும் அறையில். கண்ணாடித் தொட்டியே வேண்டும் என்றுகூட இல்லை. மீன் ஏற்றிவரும் தெர்மோகோல் பெட்டி கிடைத்தால் வெப்பத்தை இன்னும் நன்றாகப் பிடித்துவைக்கும், ஆனால் வயிறு பார்க்க முடியாது. முதல்முறை என்பதால் கண்ணாடி. அந்த 25 நாளுக்குள் வாரக்கடைசியில் இரண்டுமுறை ஐயா வீட்டுக்குப் போய், தொட்டியைக் கழுவி, தண்ணீர் நிறைத்து, வைக்கோல், மொய்னா, பாசி, நீர்ச்செடி எல்லாம் விட்டு, தண்ணீரைப் பழக்க வேண்டும். கொசுவலை கட்ட வேண்டும். தொட்டியில் பாதிக்காவது நிழல் வர ஓலைத் தட்டியைச் சாய்க்க வேண்டும். மழை வழிந்தோட ஒரு குழாயை ஓர் அடி உயரத்தில் வைத்து, அதன் வாயில் வலை கட்ட வேண்டும். "மீன் இருக்கிறது, மருந்து ஊற்ற வேண்டாம்" என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டிவிட்டுக் காவல்காரரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

குஞ்சுகள் மொய்னாவைத் துரத்திப் பிடிக்கும் அளவுக்கு வந்ததும், அவற்றைத் தொட்டிக்கு மாற்றலாம். அதற்குப் பிறகு காவல்காரர் ஒருநாள் தீனி போட மறந்தாலும் தொட்டியே போடும். ஆண்கள் முறைக்கத் தொடங்கும் வரை அங்கேயே இருக்கட்டும்.

மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது மாசி, இப்போது சேர்த்தால் தொட்டிக்குப் போகும்போது பங்குனி, வெயில் ஏறினாலும் நிழல் போட்டுச் சமாளிக்கலாம். இதைத் தவறவிட்டால் ஆவணி வரை பொறுக்கலாம். ஆனால் அப்போது தொட்டிக்குப் போகும் நேரம் புரட்டாசி முடிந்துவிடும், கூடல்வாய் காத்துக்கொண்டிருக்கும். முற்றத்தை விட்டு முழுக்க அறையிலேயே வளர்க்கிறேன் என்றால் எந்த மாதமும் சரி. ஆனால் குஞ்சு எண்ணிக்கையை ஐம்பதுக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும், 23 லிட்டரை வளர வளர 50 லிட்டராக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன், "அப்படியானால் இன்று இரவே ஜோடியைச் சேர்த்துவிடட்டுமா, அம்மான்?" என்றான்.

ஆர்ட்டீமியா பொரிக்கத் தெரியுமா என்று கேட்டேன். "முட்டை பொரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றான். முட்டை இட்ட நாளிலிருந்து குஞ்சு தீனி கேட்கும் நாள் வரை நாலைந்து நாள்தான் இருக்கிறது. வாங்கிய டப்பி பழசாக இருந்தால் பாதிகூடப் பொரியாது. அதை அன்று தெரிந்துகொண்டு என்ன பயன்? முதலில் மீன் இல்லாமல் ஆர்ட்டீமியாவை இரண்டு முறை பொரித்துக் காட்டச் சொன்னேன்.

நேற்று முதல் பாட்டில் பொரியவில்லை. உப்பை எடை போடாமல் கையால் அள்ளிப் போட்டிருக்கிறான். இரண்டாவது பாட்டில் இப்போது அவன் மேசையில், விளக்குக்குக் கீழே, குமிழிவிட்டுக்கொண்டிருக்கிறது. மீன்கள் இன்னும் தனித்தனி ஜாடியில், நடுவில் ஒரு காலண்டர் அட்டை.